எங்கள் ஊருக்கு மேம்பாலம் வந்த கதை

எங்கள் ஊரில் ஒருவர் 'டவுனுக்குப் போயிட்டு வாரேன்' என்றால் தென்காசிக்குப் போகிறார் என்று அர்த்தம். கல்யாணச் சேலை, பத்திரப் பதிவு, பிள்ளைகளின் காலேஜ், பெரிய வியாதி எல்லாவற்றுக்கும் டவுன்தான். ஊரில் இருப்பவை ஒரு ஊராட்சி அலுவலகம், இரண்டு குளம், ஒரு மேல்நிலைப் பள்ளி, கிளை நூலகம், புதன்கிழமை சந்தை. காய்ச்சல் தலைவலிக்கு ஒரு டாக்டர் சாயங்காலம் மட்டும் வந்து போவார்.

முன்பு இது மாட்டுச் சந்தை கூடுகிற வெறும் பொட்டல் என்பார்கள். சந்தைக்கு வந்தவர்களுக்குச் சோறு போட நாலு குடும்பம் வந்தது. பிறகு தறி போட்டவர்கள் வந்தார்கள், பள்ளிவாசல் தெரு உண்டானது, கிழக்கே சின்னதாய் ஒரு மாதா கோயில் எழும்பியது. இப்போது பள்ளிவாசல் தெருவில் பாதி ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். தறிச் சத்தம் கடையநல்லூரோடு சரி. மாட்டுச் சந்தையில் காய்கறி விற்கிறார்கள்.

ரயில் பாதை ஊருக்குத் தெற்கே ஓடுகிறது. ஸ்டேஷன் கிடையாது. எந்த ரயிலும் எங்களுக்காக நின்றதில்லை, ஒவ்வொரு ரயிலுக்காகவும் நாங்கள்தான் நின்றோம். டவுனுக்குப் போகும் சாலையை ரயில் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு கேட் இருந்தது. அந்த இடத்துக்கே கேட்டடி என்று பெயர். கேட் மூடினால் பஸ், டிராக்டர், பைக், மாட்டு வண்டி எல்லாம் வரிசையாக நிற்கும். வெள்ளரிப் பிஞ்சும் அவித்த கடலையும் விற்கும் பெண்கள் ஜன்னல் ஜன்னலாக ஓடுவார்கள். ஒரு நாளில் ஊர்க்காரர்கள் எல்லாரும் சும்மா நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற நேரம் அதுதான். சம்பந்தம் பேசியதும், சண்டை தீர்த்ததும், வளைகுடாவிலிருந்து யார் லீவில் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டதும் அங்கேதான். மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்திய காலத்தில் ரயிலே ஓடவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அப்போதும் பஸ் டிரைவர்கள் கேட்டடியில் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தாண்டினார்கள். எங்கள் ஊரின் குணம் அது. ஒன்று பழகிவிட்டால் விடமாட்டார்கள். ஒன்றை நம்பிவிட்டாலும் அப்படித்தான்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் விவசாயிகள் என்னிடம் கொண்டு வருவார்கள். எரிந்த கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்துக் கொடுப்பேன். கடை வீட்டோடு ஒட்டியது. என் மனைவி முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். ஊரில் பாதிப் பெண்களுக்கு அவள்தான் ஜாக்கெட் தைத்தாள். அளவு எடுக்கும்போதே அவர்கள் கதையெல்லாம் வாங்கிவிடுவாள், ஒன்றைக்கூட வெளியே விடமாட்டாள். எங்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்து சென்னையில் இருக்கிறாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டில் கேட் கீப்பர் குடியிருந்தார். பட்டாளத்தில் இருந்து வந்து ரயில்வேயில் சேர்ந்தவர், சொந்த ஊர் கீழப்பாவூர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார், என் மனைவியை மதினி என்பார். இரண்டு வீட்டுக்கும் இடையில் இடுப்பளவு சுவர். அதன்மேல் குழம்புக் கிண்ணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டே இருக்கும். அவர்களுக்கும் ஒரு மகள், ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாவாடை ரவிக்கை தைத்துக் கொடுத்தது என் மனைவிதான்.

மேம்பாலம் வேண்டும் என்று ஊரில் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவர் அதற்காக மனு கொடுக்காத ஆபீஸ் இல்லை. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், என்னைவிட மூத்தவர், ஊருக்கு நல்லது நினைக்கிற மனிதர். குற்றால சீசன் வந்துவிட்டால் அவர் குரல் கூடும். மெயின் ரோட்டில் நெரிசல் ஆனதும் அருவிக்குப் போகிற வெளியூர் வண்டிகளெல்லாம் எங்கள் ஊர் வழியாகத் திரும்பிவிடும். கேட் மூடி ஒரு ரயில் போய்த் திறந்தால் சாலையில் நெரிசல் கலைய அரை மணி நேரம் ஆகும். எத்தனை மனு கொடுத்தும் எங்கள் ஊர் சின்ன ஊர் என்று கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. காலை ஏழு மணிக்கு என் மனைவி கடைக்குள் வந்து, முதுகுப் பக்கம் என்னவோ பிடித்த மாதிரி இருக்கிறது, இடது கை கனக்கிறது என்றாள். முந்தின நாள் இரவு வரை மிஷினில் உட்கார்ந்திருந்தாள், அதனால் இருக்கும் என்றேன். வாயுப் பிடிப்பு என்று சொல்லி ஓமத் தண்ணீர் வைத்துக் குடிக்கச் சொன்னேன். அவளும் குடித்தாள்.

அன்று அச்சன்புதூர் பக்கத்து விவசாயி ஒருவர் மோட்டாரைக் கொடுத்துவிட்டுக் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இந்தச் சாரல் மண்ணுக்குள் இறங்காது, அவர் நாற்றங்கால் வாடிக் கிடந்தது. மத்தியானத்துக்குள் மோட்டாரை இறக்கியாக வேண்டும். எட்டரை மணிபோல என் மனைவி மறுபடியும் வந்தாள். வாந்தி எடுத்துவிட்டு முகம் கழுவியிருந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்.

"டவுனுக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோமா? எனக்கு ஒரு மாதிரி வருது."

நான் கையிலிருந்த கம்பியை விடவில்லை. "இந்த ஒரு வேலைய முடிச்சிருதேன். பதினோரு மணி போல போவோம். செத்த நேரம் படுத்திரு" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த விவசாயி வேலையை நிறுத்திவிட்டுப் போகச் சொன்னார். அவரே தன் டெம்போவில் கூட்டிப் போவதாகவும் சொன்னார். நான்தான் ஒன்றுமில்லை, வாயுதான் என்று அவருக்கும் சொன்னேன். இதை எழுதும்போது அவர் முகம் தெரிகிறது. ஒரு மாதிரி தயங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு மோட்டாரைக் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போனேன். அடுக்களைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலை முழுக்க வேர்வையில் நனைந்து கிடந்தது. அரிந்த வெண்டைக்காய் பாதி தட்டில், பாதி தரையில். படுக்கச் சொன்னால் படுத்திருக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டில் இருப்பவர் டாக்ஸி ஓட்டுகிறவர். அவர் காரில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கேட்டடிக்கு வந்தால் கேட் மூடிக் கிடந்தது.

கேட்டை மூடிவிட்டு, மூடிவிட்டேன் என்று போனில் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டால் அதன்பிறகு திறப்பது கேட் கீப்பர் கையில் இல்லை. ரயில் புறப்பட்டிருக்கும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் அன்று எல்லாரும் கத்தினார்கள். டாக்ஸிக்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. கார் ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் ஓடிப்போய் கேட்டைப் பிடித்து ஆட்டினார்கள். சங்கத் தலைவரும் அங்கே நின்றிருந்தார். ஆஸ்பத்திரி கேஸ், திற என்று கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார்.

கேட் கீப்பர் பச்சைக் கொடியோடு காருக்குப் பக்கத்தில் வந்தார். சாரலில் நனைந்துகொண்டு குனிந்து பார்த்தார். 

"மதினி, இந்தா வந்துட்டு. ரெண்டே நிமிசம் பொறுத்துக்கிடுங்க" என்றார்.

அவள் தலை என் மடியில் இருந்தது. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "நீங்க என்ன செய்விய தம்பி, வண்டி வருதுல்லா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கும் அவருக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். அதற்குப்பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

ரயில் போய் கேட் திறக்க ஆறு நிமிடம் ஆனது. போனில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

தென்காசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் உள்ளே தூக்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். சின்ன வயதுக்காரர். எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். ஏழு மணி என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றுக்குச் சில நிமிடம் இருந்தது.

"ஏழு மணிக்கா? எட்டு, ஒன்பதுக்குள்ள வந்திருந்தாக்கூட…" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வழியில் ஆறு நிமிடம் நின்றோம் என்று நானாகச் சொன்னேன். அதனால் ஒன்றும் ஆகியிருக்காது, இது காலையிலேயே ஆரம்பித்துவிட்ட விஷயம் என்றார். என் தோளில் கை வைத்தார். என் மனைவி இறந்துபோயிருந்தாள்.

வெளியே வந்தேன். டாக்ஸிக்காரர் காரை நிறுத்திவிட்டு அப்போதுதான் ஓடி வந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"லேட்டாயிட்டுன்னு சொல்லுதாரு" என்றேன்.

அவர் சுவரில் ஓங்கிக் குத்தினார். "கேட்டுதான் அண்ணாச்சி. அந்தக் கேட்டுதான் கொன்னுட்டு" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும்.  அவர் போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார். அவளை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது கதை எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தெருவில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வளைகுடாவில் இருப்பவர்கள்கூட வாட்ஸப்பில் கேட்டார்கள், கேட்டடியில் அரை மணி நேரம் நிறுத்திப் போட்டுவிட்டானாமே என்று.

மறுநாள் காலையில் மகள் வந்துசேர்ந்தாள். கேட் கீப்பரும் அவர் மனைவியும் பின்வாசல் வழியாக வந்தார்கள். அவர் கையில் ஒரு மாலை இருந்தது. அவர் மனைவி என் மனைவியின் காலைத் தொட்டு அழ ஆரம்பித்தார். என் மகள் எழுந்து வந்து அவர்கள் முன்னால் நின்றாள்.

"எந்திரிச்சு வெளிய போங்க. எங்கம்மா பக்கத்துல வராதீங்க" என்றாள்.

 கேட் கீப்பர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாலையைச் சுவரோரம் வைத்துவிட்டு மனைவியைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனார்.

மூன்றாம் நாள் ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். அவள் படத்துக்குக் கீழே மேம்பாலம் வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. மகள் கல்யாணத்தில் எடுத்த படம் அது. சாலை மறியல் நடந்தது. என்னை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பள்ளிவாசல் தெருவில் இருந்தும் மாதா கோயில் தெருவில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். எந்தத் திருவிழாவுக்கும் எங்கள் ஊர் அப்படி ஒன்றாகக் கூடியதை நான் பார்த்ததில்லை. அத்தனை பேரும் அவளுக்காக வந்திருந்தார்கள். பல பெண்கள் அவள் தைத்த ஜாக்கெட்டைப் போட்டிருந்தார்கள். சங்கத் தலைவர் பேசும்போது அழுதார். அது நடிப்பு இல்லை.

பிறகு மனு எழுதினார்கள். கேட் இருபத்தைந்து நிமிடம் மூடியிருந்ததாக அதில் இருந்தது. முதல் கையெழுத்து என்னுடையது. வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

கேட் கீப்பர் குடும்பத்தை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. எங்கள் ஊர் அப்படிச் செய்யாது. பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பால்காரர் அவர்கள் வாசலில் நிற்காமல் போனார். கடையில் அவர் மனைவி போய் நின்றால் கடைசியாகச் சாமான் கொடுத்தார்கள். அந்தப் பெண் பிள்ளை பள்ளியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று கேள்விப்பட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போனது. ரேடியோகூட வைக்கமாட்டார்கள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து இரண்டு நாள் கழித்து அவர் கடைக்கு வந்தார். நான் தனியாக இருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கி என்ன நடந்துதுன்னு உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை சங்கத்துல சொல்லிருங்க. எனக்காக வேண்டாம். பிள்ளைக்கு பத்தாங் கிளாஸு" என்றார்.

பார்க்கலாம் என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் மேஜைமேல் கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகும் பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். சொன்னால் மறியல் என்னாவது, மனு என்னாவது என்றெல்லாம் அப்போது காரணம் வைத்திருந்தேன். ஊர் என்னை விட்டுவிடும் என்ற பயமும் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால், கேட் மீது பழி இருக்கிறவரை நானும் அந்தப் பழியை நம்பிக்கொள்ள முடிந்தது. இரவில் படுத்தால் கேட்டைத்தான் நினைத்தேன். கேட்டை நினைத்தால் தூக்கம் வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை நினைத்தால் வரவில்லை.

அவர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு மானாமதுரைப் பக்கம் போனார். ஒரு மத்தியான நேரத்தில் லாரியில் சாமான் ஏற்றினார்கள். நான் கடையில்தான் இருந்தேன். அவர் மனைவி லாரிக்கும் வீட்டுக்குமாக நடந்தபோது ஒவ்வொரு தடவையும் என் கடைப் பக்கம் பார்த்தார். நான் எழுந்து போகவில்லை.

மேம்பாலம் வந்தது. நான்கு வருடம் ஆனது. திறப்பு விழாவுக்கு என்னை மேடையில் ஏற்றி சால்வை போட்டார்கள். கேட் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் சுவர் வைத்து மூடிவிட்டார்கள். பஸ்கள் சந்தைப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வயலில் இறங்குகின்றன. டவுனுக்கு இப்போது பத்து நிமிடத்தில் போய்விடலாம். எத்தனையோ பிரசவத்துக்கும் விபத்துக்கும் அந்தப் பாலம் உதவியிருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். கேட்டடியில் வெள்ளரிப் பிஞ்சு விற்றவர்கள் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். அருவிக்குப் போகிற வண்டிகள் எங்கள் ஊர் என்று ஒன்று கீழே இருப்பதே தெரியாமல் தாண்டிப் போகின்றன. யாராவது வெளியூர் விருந்தாளி பாலத்தைப் பற்றிக் கேட்டால் ஊர்க்காரர்கள் என் மனைவியின் கதையைச் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. இருபத்தைந்து நிமிடம் முக்கால் மணி நேரமானது. கேட் கீப்பர் குடித்திருந்தான் என்று ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அவர் குடிக்கவே மாட்டார்.

போன வருடம் கிளை நூலகத்துக்கு ஆண்டு விழா எடுத்தார்கள். அதை ஒட்டி ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போடலாம் என்று முடிவானது. மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கும் ஆசிரியர்தான் எழுதினார். நல்ல உழைப்பாளி. ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து, மேம்பாலம் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டி, சரிபார்த்துக் கொடுங்கள் என்றார். இரக்கமற்ற கேட் கீப்பர் கதவைத் திறக்க மறுத்ததால் ஓர் உத்தமியின் உயிர் பிரிந்தது என்று அதில் இருந்தது. அவர் வாசித்து முடித்ததும் அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். இரண்டு நாள் டைம் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாளே கீழப்பாவூர் போனேன். கேட் கீப்பர் ரிட்டயர் ஆகி அங்கே வீடு கட்டியிருக்கிறார் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். பாவூர்சத்திரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வீட்டுக்கு முன்னால் இரண்டு மாடு கட்டியிருந்தது. அவர் புல் அறுத்துக் கட்டிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டார். தலை நன்றாக நரைத்துவிட்டது.

"வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க" என்றார். நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர் மாதிரி.

அவர் மனைவி டீ போட்டுக் கொண்டுவந்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நர்சிங் முடித்துத் திருநெல்வேலியில் வேலை பார்க்கிறாள், பத்தாம் வகுப்பு வருடம் மட்டும் பாதியில் பள்ளி மாறியதால் கொஞ்சம் சிரமப்பட்டாள் என்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். ஏழு மணியில் இருந்து டாக்டர் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பழி முழுக்க என்மேல்தான் தம்பி என்றேன்.  அவர் எழுந்து போய் மாட்டுக்குக் கொஞ்சம் புல்லை உதறிப் போட்டுவிட்டு வந்தார்.

"விடுங்க அண்ணாச்சி. டீ ஆறுது" என்றார்.

அவ்வளவுதான். பிறகு மழையைப் பற்றியும் மாட்டுத் தீவன விலையைப் பற்றியும் பேசினார். நான் கிளம்பும்போது அவர் மனைவி தெரு வரைக்கும் கூட வந்தார். கணவர் கண்ணில் படாத தூரம் வந்ததும் நின்றார்.

"அன்னைக்கிக் காலையில மதினி சுவத்துக்கு அங்கன நின்னு என்னக் கூப்பிட்டாவ. ஏழரை இருக்கும். நெஞ்சு அடைக்கி, உங்க அண்ணாச்சிட்ட சொன்னா வாயுன்னு சொல்லுதாவன்னாவ. பெறவு ஒம்பது மணிக்கும் பாத்தேன். பதினோரு மணிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்காவன்னு சொன்னாவ" என்றார்.

அப்படியானால் எல்லாம் உங்களுக்கு அன்றே தெரியுமா, ஏன் ஊரில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொல்லப் போனேன். அவுகதான் வேண்டாம்னுட்டாவ. பொண்டாட்டியப் பறிகுடுத்த மனுசன், தானா சொல்லட்டும்னாவ. லாரியில சாமான் ஏத்துத வரைக்கும் பாத்தோம் அண்ணாச்சி" என்றார்.

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இல்லை. பஸ்ஸுக்குப் பார்த்துப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பாவூர்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நான் மூன்று தென்காசி பஸ்களை விட்டேன். ஏறிப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஊருக்கு வந்ததும் நேராக வரலாற்று ஆசிரியர் வீட்டுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதலில் எழுதிக்கொண்டார். பாதியில் பேனாவை மூடிவிட்டார். சங்கத் தலைவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். மறுநாள் தலைவரே கடைக்கு வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, தடி ஊன்றித்தான் நடக்கிறார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அவர் முகம் ஒருமுறை சுருங்கியது. அவரும் அன்று கேட்டடியில் நின்றவர்தானே.

"இப்ப என்னவே செய்யச் சொல்லுதீரு? பாலத்த இடிச்சிருவமா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "ஒமக்கு மனசு சரியில்ல. இத்தன வருசம் கழிச்சி ஒம்மையே போட்டு வதைக்கீரு. ஒறங்கும்வே" என்றார்.

புத்தகம் வந்தது. இரக்கமற்ற என்ற சொல்லை மட்டும் எடுத்திருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அதன்பிறகு யார் கேட்டாலும் நான் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன். மோட்டார் கொண்டு வருகிறவர்களிடம் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். பாவம், அந்த அம்மா போனதில் இருந்து அண்ணாச்சி இப்படித்தான் என்று எனக்குக் கேட்கும்படியாகவே பேசிக்கொண்டார்கள். டாக்ஸிக்காரர் என்னை மனநல டாக்டரிடம் கூட்டிப் போகட்டுமா என்று அக்கறையாகக் கேட்டார். கேட் கீப்பர் மனைவி சொன்னால் ஊர் நம்பாது. அவரை விட்டால் அன்று மோட்டாருக்காகக் காத்திருந்த விவசாயி ஒருவர்தான் எனக்குச் சாட்சி. விசாரித்தேன். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நம்பியது என் மகள் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். 

"அம்மாவா கேட்டாளா? டவுனுக்குப் போவோம்னு, அவளா வாய்விட்டுக் கேட்டாளா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அந்தப் பின்வீட்டு அத்தைய நான் வெளிய போங்கன்னு சொன்னேன்ப்பா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பிறகு கீழப்பாவூர் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தாள் என்று தெரியும். அவள் வந்த சென்னை ரயில் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். வீட்டுக்கு வரவில்லை. வாரத்துக்கு ஒருமுறை போன் செய்கிறாள். சாப்பிட்டேனா, பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாள். சாப்பிட்டேன், போட்டேன் என்கிறேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இல்லை. இந்த வருடம் ஆனியும் ஆடியும் போய்விட்டன. அம்மாவின் திதிக்கு அவள் வருவாள் என்று முன்னறையைச் சுத்தம் செய்து வைத்திருந்தேன். சென்னையிலேயே ஒரு கோயிலில் திதி கொடுத்துவிட்டதாக மறுநாள் மெசேஜ் அனுப்பியிருந்தாள்.